நிற்கத் தெரிந்த செல்கள்

செங்காந்தளை நாம் மாநில மலராகக் கொண்டாடுகிறோம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு அது கண்வலிக் கிழங்கு. கொடியைப் படரவிட்டு, காயைப் பறித்து உலர்த்தி, விதையை மருந்துக்கு விற்கிற பணப்பயிர். கிழங்கு கொடிய நஞ்சு. வேறு ஏதோ கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் உண்டு. அப்படித் தின்றவருக்கு நேர்வதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் வயிறு: சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் பேதியும். அடுத்த சில நாட்களில் ரத்தம்: வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சரியும். உயிர் பிழைத்தால், ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும்.

குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். இந்த மூன்றுக்கும் என்ன உறவு? உடம்பில் செல்கள் மிக வேகமாகப் பிரியும் இடங்கள் இவை. கண்வலிக் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற பொருள், பிரிந்துகொண்டிருக்கும் செல்லைப் பாதி வழியில் நிறுத்திவிடும். ஓயாமல் பிரிகிற இடங்கள் முதலில் அடிவாங்குகின்றன. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு வாய்ப்புண், ரத்த அணுக்கள் குறைவு, முடி உதிர்தல் என்று கிட்டத்தட்ட இதே தொல்லைகள் வருவதற்கும் காரணம் இதுதான்.

வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் கழிந்து, அதே அளவு புதிதாக வந்து சேர்கின்றன. நொடிக்கு 38 லட்சம்! இதில் மிகப் பெரிய பங்கு ரத்த அணுக்களுடையது. அடுத்த இடம் குடலின் உட்சுவருக்கு. மறுபுறம், மூளையின் நரம்புச் செல்களில் மிகப் பெரும்பாலானவை நாம் பிறந்த பிறகு பிரிவதே இல்லை. இதயத் தசைச் செல் பிரிவதும் மிக அரிது. மாரடைப்பில் செத்த தசை மீண்டும் வளராமல் தழும்பாகிப்போவது அதனால்தான். எல்லாம் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை, ஒரே மரபணுத் தொகுதியைச் சுமப்பவை. ஆனாலும் சில ஓயாமல் பிரிகின்றன, சில பிரிய மறுக்கின்றன. யார் சொல்லி?

இந்த இரண்டுக்கும் நடுவில் கல்லீரல் இருக்கிறது. சாதாரணமாகச் சும்மா கிடக்கும். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டால், மீதமுள்ள செல்கள் விழித்துக்கொண்டு பிரிய ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் பழைய எடையை எட்டிவிடும். இது 1931-லேயே தெரிந்த சங்கதி. உயிரோடு இருப்பவரிடமிருந்து கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாகப் பெறுகிற துணிச்சல் மருத்துவர்களுக்கு வந்ததும் இதனால்தான். அது வளர்வதைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு, அது நிற்பதில். பழைய எடை வந்ததும் ஒட்டுமொத்தமாக எல்லாச் செல்களும் பிரிவதை நிறுத்திக்கொள்கின்றன. வயிறு முட்ட வளர்ந்த கல்லீரலோடு எந்த எலியும் திரிவதில்லை.

பிரிவது செல்லுக்குப் பெரிய வித்தை இல்லை. நம் குடலில் இருக்கும் இ. கோலை பாக்டீரியா, நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். உணவு இருந்தால் பிரி, இல்லாவிட்டால் காத்திரு: முன்னூறு கோடி ஆண்டுகளாக ஒற்றைச் செல் உயிர்கள் பிழைத்து வந்த வழி இவ்வளவுதான். பல செல்கள் சேர்ந்து ஓர் உடம்பாக வாழ்கிற ஏற்பாடு வந்தபோதுதான் புதிய திறமை ஒன்று தேவைப்பட்டது. சாப்பாடு நிறைய இருந்தும் பிரியாமல் இருக்கும் திறமை. நம் பாடப்புத்தகங்கள் செல் பிரிதலை நான்கு கட்டப் படங்களாகப் போட்டு, பாகம் குறிக்கச் சொல்லி, மதிப்பெண் போட்டு முடித்துவிடுகின்றன. அந்தப் படங்களில் விடுபட்டுப்போவது இந்த நிறுத்தம்தான். உண்மையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில், பிரிவதற்கு என்னென்ன வேலை நடக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு மனிதச் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏவை நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் வரும். 46 குரோமோசோம்கள், 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். அத்தனையையும் ஒருமுறை, ஒரே ஒருமுறை நகலெடுக்க வேண்டும். பிறகு மூலத்தையும் நகலையும் ஒன்றுகூட மாறாமல் இரு பக்கமும் அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது வேலையை ஜெர்மானியரான வால்தர் பிளெமிங், சாலமாண்டர் லார்வாக்களின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து 1882-இல் துல்லியமாக வரைந்து புத்தகமாகவே போட்டார். ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல்லுக்கு ஒரு சுற்று முடியச் சுமார் 24 மணி நேரம் ஆகும். அதில் பிளெமிங் பார்த்த காட்சி ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் செல் ஓய்வெடுக்கிறது என்றே வெகுகாலம் எழுதிவைத்திருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் அல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை வகைச் செடி ஒன்றின் வேர்நுனிக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ‘ஓய்வு’ நேரத்தின் நடுவில், குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் டி.என்.ஏ நகலெடுக்கப்படுவது தெரிந்தது. அதற்கு முன்னும் ஓர் இடைவெளி, பின்னும் ஓர் இடைவெளி. இன்றும் எல்லா நூல்களிலும் இருக்கும் ஜி1, எஸ், ஜி2, எம் என்ற கட்டங்கள் அந்த வேர்நுனியிலிருந்து வந்தவை.

அந்த இடைவெளிகள் எதற்கு? ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகலாம் என்ற உத்தரவு எங்கிருந்து வருகிறது?

இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற பொட்டு நரசிம்ம ராவும் ராபர்ட் ஜான்சனும் 1970-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது, கொஞ்சம் குறும்பும் கொண்டது. வெவ்வேறு கட்டங்களில் இருக்கும் இரண்டு மனிதச் செல்களை ஒட்டவைத்து ஒரே செல்லாக்கினார்கள். இப்போது ஒரே திரவத்துக்குள் இரண்டு உட்கருக்கள். நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லோடு, இன்னும் தொடங்காத செல்லை ஒட்டினால், தொடங்காததும் சீக்கிரமே நகலெடுக்க ஆரம்பித்தது. ஆனால் ஏற்கனவே நகலெடுத்து முடித்ததை ஒட்டினால், அது மறுபடி தொடங்கவில்லை. பிரிந்துகொண்டிருக்கும் செல்லோடு எதை ஒட்டினாலும் அதன் குரோமோசோம்கள் நேரங்கெட்ட நேரத்தில் சுருண்டு திரண்டன. நகலெடுப்பின் நடுவில் மாட்டிக்கொண்டவை பொடிப்பொடியாகக் காட்சி தந்தன. ஆக, உத்தரவு என்பது செல்லின் திரவத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருள். அடுத்த ஆண்டே யோஷியோ மசூயி, முதிர்ந்த தவளை முட்டையின் திரவத்தை ஊசியால் எடுத்து முதிராத முட்டைக்குள் செலுத்தி, ஹார்மோன் எதுவும் இல்லாமலே அதை முதிரச் செய்தார். அந்தப் பொருளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. அது என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை. பிடிபடப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

பிடித்தவர்கள் யாரும் மனிதச் செல்லைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் எடுத்துக்கொண்டது பேக்கரி ஈஸ்ட். ஈஸ்ட் பிரியும்போது மொட்டு விடும். மொட்டின் அளவைப் பார்த்தே செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 23 டிகிரி வெப்பத்தில் ஒழுங்காக வளர்ந்து, 36 டிகிரியில் நின்றுபோகிற பழுதுபட்ட ஈஸ்டுகளை அவர் சேகரித்தார். சூடேற்றியதும் எல்லாச் செல்களும் ஒரே அளவு மொட்டோடு நின்றுவிட்டால், பழுதான மரபணுவின் வேலை அந்தக் கட்டத்தில் என்று அர்த்தம். இப்படியே செல் சுழற்சிக்குத் தேவையான 100-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கிடைத்தன.

எடின்பரோவில் பால் நர்ஸ் வேறொரு ஈஸ்டோடு மல்லுக்கட்டினார். கிழக்காப்பிரிக்கச் சிறுதானிய பியரிலிருந்து பிரித்தெடுத்த இனம் அது. கோல் வடிவில் வளர்ந்து, நடுவில் இரண்டாகப் பிளக்கும். பிரிய முடியாத செல்களைத் தேடிக்கொண்டிருந்தவர் கண்ணில் ஒருநாள் விசித்திரமான செல்கள் பட்டன. அவை நன்றாகவே பிரிந்தன. ஆனால் இயல்பான அளவில் பாதி வளர்ந்ததுமே பிரிந்துவிட்டன. நர்ஸ் இங்கேதான் புத்திசாலித்தனமாக யோசித்தார். பழுதான இயந்திரம் நிற்பதில் அதிசயம் இல்லை. எந்தப் பாகம் உடைந்தாலும் நிற்கும். பழுதாகி வேகம் கூடுகிறதென்றால், உடைந்தது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகமாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் அப்படிப்பட்ட குள்ளச் செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். கிட்டத்தட்ட ஐம்பது. எல்லாமே வீ1 என்று பெயரிட்ட ஒரே மரபணுவில் பழுதானவை. சலிப்பு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் பூஞ்சை பிடித்த ஒரு தட்டில் இன்னொரு குள்ள ஈஸ்ட் தென்பட்டது. பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது பெரிய பாடு. எப்படியும் இதுவும் வீ1-ஆகத்தான் இருக்கும் என்று தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிட்ட பிறகு மனசாட்சி குத்தவே, மழையில் மறுபடி சைக்கிள் மிதித்து வந்து குப்பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார். அது வீ1 இல்லை. சிடிசி2 என்று ஏற்கனவே அறிந்திருந்த மரபணு. ஒரு விதமாகப் பழுதானால் செல் பிரியாமல் நின்றுபோகும். இன்னொரு விதமாக மாறினால் அவசரமாகப் பிரியும். நிறுத்தவும் ஓட்டவும் முடிகிற ஒன்று! நோபல் பரிசு பெற்ற பிறகும் நர்ஸ் இந்தக் குப்பைத்தொட்டிக் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1987-இல் லண்டனில் மெலனி லீயும் நர்ஸும் துணிந்து இன்னொன்று செய்தார்கள். சிடிசி2 பழுதான ஈஸ்ட் செல்களுக்குள் மனிதனின் மரபணுக்களைக் கலந்துகட்டித் தூவினார்கள். பெரும்பாலான செல்கள் செத்தன. சில பிழைத்துப் பிரிந்தன. பிழைத்தவற்றுக்குள், சிடிசி2-க்கு இணையான மனிதனின் சி.டி.கே1 மரபணு இருந்தது. ஈஸ்டும் மனிதனும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நம் உதிரிபாகம் ஈஸ்டின் இயந்திரத்தில் பொருந்தி ஓடியது. பரிணாமத்துக்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான், எலும்புக்கூடுகளெல்லாம் அப்புறம்.

மூன்றாவது ஆள் டிம் ஹண்ட். 1982 கோடையில், அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில், கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, புதிதாக உருவாகும் புரதங்களைக் கதிரியக்க அடையாளத்தோடு கவனித்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக எல்லாப் புரதங்களும் கூடிக்கொண்டே போயின. ஒன்று மட்டும் கூடிக்கொண்டே வந்து, செல் பிரிவதற்குச் சற்று முன் சட்டென்று காணாமல் போனது. அடுத்த சுற்றில் மறுபடி கூடியது, மறுபடி காணாமல் போனது. அதற்கு சைக்ளின் என்று பெயர் வைத்தார். செல் சிரமப்பட்டுச் செய்த புரதத்தை இப்படி முறைவைத்து அழிக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

1988 வாக்கில் முடிச்சுகள் ஒன்றாக அவிழ்ந்தன. மசூயியின் தவளைத் திரவத்தில் இருந்த மர்மப் பொருள் இரண்டு புரதங்களின் கூட்டு: நர்ஸின் சி.டி.கே, ஹண்டின் சைக்ளின். சி.டி.கே ஒரு நொதி. மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை முடுக்கும். தனியாக இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, சைக்ளின் வந்து சேர வேண்டும். சைக்ளின் போதுமான அளவு சேர்ந்ததும் உட்கருவின் சவ்வு கலைகிறது, குரோமோசோம்கள் திரள்கின்றன, பிரிதல் தொடங்குகிறது. வேலை முடியும் தறுவாயில் சைக்ளின் அழிக்கப்படுகிறது, செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி சைக்ளின் உண்டு. ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-இல் மருத்துவ நோபல். மசூயிக்கும் ராவுக்கும் அதில் இடமில்லை. மூன்று பேருக்கு மேல் தர மாட்டோம் என்ற அந்த விதியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இது வரைக்கும் ஓட்டும் கதை. அந்தக் குள்ள ஈஸ்டுகளின் வீ1 மரபணு என்ன ஆனது? அது உருவாக்கும் புரதம் சி.டி.கேயைக் கட்டிப்போட்டு வைக்கிறது, செல் உரிய அளவு வளரும் வரை. வீ1 இல்லாத செல் காத்திருக்கத் தெரியாமல் அரை வளர்ச்சியில் பிரிகிறது. இழுப்பதற்கு ஒரு கூட்டம், நிறுத்துவதற்கு வேறு ஆட்கள் என்பது நமக்குப் புதிதில்லை. தேரின் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஓடுகிற சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் முட்டுக்கட்டை கொடுக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் இல்லாவிட்டால் தேர் தெருமுனையில் திரும்பாது, வீட்டுச் சுவரில்தான் போய் நிற்கும். செல்லிலும் முட்டுக்கட்டைகள் வரிசையாக இருக்கின்றன.

ஹார்ட்வெல்லும் டெட் வைனர்ட்டும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதை நிரூபித்தது. எக்ஸ் கதிர் பட்டு டி.என்.ஏ உடைந்தால், சாதாரண ஈஸ்ட் பிரிவதை நிறுத்தி, உடைந்ததைச் சரிசெய்துகொண்டு, பிறகு தொடரும். ரேட்9 என்ற மரபணு பழுதான ஈஸ்ட் நிற்காமல் பிரிந்து செத்துப்போகும். பழுதுபார்க்கத் தெரியாததால் சாகிறதா, நிற்கத் தெரியாததால் சாகிறதா? அவர்கள் ஒரு மருந்து கொடுத்து அந்த ஈஸ்டை வலுக்கட்டாயமாகச் சில மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அது உடைந்ததைத் தானே சரிசெய்துகொண்டு பிழைத்தது. பழுதுபார்க்கும் திறமை முழுதாக இருந்திருக்கிறது. இல்லாமல் போனது பொறுமை மட்டும். ஜீவராசிகளை வைத்துச் செய்த சோதனைகளில் இத்தனை தெளிவாக விடை சொன்னவை குறைவு. செல்லுக்குள் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன என்ற கருத்து அதற்குப் பிறகுதான் நிலைபெற்றது.

நம் செல்களில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது 1979-இல் கண்டுபிடித்த பி53 என்ற புரதம். டி.என்.ஏ உடைந்தால் அதன் அளவு கூடும். செல்லை நிறுத்தும், பழுதுபார்க்க அவகாசம் தரும். சேதம் சரிசெய்ய முடியாததாக இருந்தால் செல்லைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு பழுதாகியிருக்கிறது. யானை விஷயம் இங்கே சொல்ல வேண்டும். யானையின் உடம்பில் நம்மைப்போலப் பல மடங்கு செல்கள், ஆயுளும் நீளம். கணக்குப்படி யானைகளெல்லாம் புற்றுநோயில் விழ வேண்டும், அப்படி நடப்பதில்லை. 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காரணம் தேடிப்போய்ப் பார்த்தபோது, நமக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் பி53 மரபணு யானையிடம் 20 இருந்தது. டி.என்.ஏவில் சேதம் ஏற்பட்டால் யானைச் செல், நம் செல்லைவிடச் சுலபமாக உயிரை விட்டுவிடுகிறது. அது ஒன்றே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் கவனிக்க வேண்டிய கணக்கு.

இன்னொரு சாவடி பிரிதலின் நடுவிலேயே இருக்கிறது. இரட்டையாகிவிட்ட குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் வந்து நிற்கும். இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் வந்து அவற்றைப் பற்றும். 46-இல் ஒன்றே ஒன்றை இழை பற்றாமல் விட்டிருந்தாலும் போதும், செல் காத்திருக்கும். எல்லாம் பற்றப்பட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? புரூஸ் நிக்லஸ் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சியின் செல்லில் இதைச் சோதித்தார். ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு, இழுவிசை இல்லாமல் தொளதொளவென்று கிடந்த ஒரு குரோமோசோமால் செல் மணிக்கணக்கில் நின்றுபோயிருந்தது. மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் அந்தக் குரோமோசோமை மறுபக்கம் மெல்ல இழுத்துப் பிடித்தார். செல் ஏமாந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பிரியத் தொடங்கியது. இழுப்பின் விறைப்பைத்தான் செல் சோதிக்கிறது. 1995-இல் வந்த இந்த ஆய்வைச் செய்யத் தேவைப்பட்ட கை நிதானத்தை நினைத்தாலே எனக்கு விரல் நடுங்குகிறது.

கண்வலிக் கிழங்கின் நஞ்சு வேலை செய்வது இந்த இடத்தில்தான். கதிர்கோல் இழைகள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகளால் கோக்கப்பட்டவை. கோல்ச்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கிறது. இழை இல்லை, பற்று இல்லை, விறைப்பு இல்லை. செல் அப்படியே நிற்கிறது, குரோமோசோம்கள் திரண்ட கோலத்தில். ஆய்வாளர்களுக்கு இது வரமாயிற்று. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் கோல்ச்சிசினால் செல்களை நிறுத்திவைத்து, குரோமோசோம்களை விரித்துப் பரப்பி, நிதானமாக எண்ணி, 46 என்று 1956-இல் அறிவித்தார்கள். நம் ஊர்க் கல்லறைகளிலும் வேலியோரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இதே இழைகளைத்தான் தாக்குகின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து.

மேலே சொன்ன ராவ், ஜான்சன் சோதனையில் ஒட்டவைக்கப்பட்டவை ஹீலா செல்கள். பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாய், கருப்பைவாய்ப் புற்றுநோயால் 31 வயதில், 1951 அக்டோபர் 4 அன்று இறந்தார். அவரது கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்து வளர்த்த செல்கள் இன்றுவரை உலக ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. சாதாரண மனிதச் செல் ஆய்வகத்தில் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று லெனார்ட் ஹேஃப்ளிக் 1961-இல் காட்டினார். ஹீலாவுக்கு அந்த எல்லை இல்லை. அதன் சோதனைச் சாவடிகள் என்ன ஆயின?

ஹீலாவின் பி53 மரபணு பழுதாகவில்லை. பிரிதலைத் தொடங்கலாமா என்று முதல் கட்டத்திலேயே தடுத்து நிறுத்தும் ஆர்.பி என்ற இன்னொரு காவல் மரபணுவும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. குற்றவாளி மனித பாப்பிலோமா வைரஸ், எச்.பி.வி. தோலிலும் கருப்பைவாயின் உறையிலும் அடிமட்டச் செல்கள் மட்டும் பிரியும். மேலே நகர நகர அவை பிரிவதை நிறுத்திவிடும். வைரஸுக்கு இது வசதிப்படாது. தன்னை நகலெடுக்க, செல் டி.என்.ஏ நகலெடுக்கும் நிலையில் இருந்தாக வேண்டும். அதனால் இ7 என்ற புரதத்தை அனுப்பி ஆர்.பியைச் செயலிழக்க வைக்கிறது. செல் அவசரமாக நகலெடுக்கத் தொடங்கும். இந்த முறைகேட்டைப் பார்த்து பி53 செல்லைக் கொல்ல எழும். அதைச் சமாளிக்க இ6 என்ற புரதம், பி53-ஐப் பிடித்துச் செல்லின் குப்பை எந்திரத்திடம் ஒப்படைக்கிறது. புற்றுநோய் உண்டாக்குவதால் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை. அது நகல் எடுக்கத்தான் வந்தது. பெரும்பாலான தொற்றுகளை உடம்பே ஓரிரு ஆண்டுகளில் விரட்டியும் விடுகிறது. தங்கிவிடுகிற சிலவற்றில், காவல் இல்லாமல் பல ஆண்டுகள் பிரிந்த செல்களில் பிழைகள் குவிந்து புற்றாகின்றன.

ஹீலாவைப் பற்றி நான் படித்ததில் மிகவும் பிடித்த ஆய்வு 2000-இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வைரஸிடமே இ6, இ7 இரண்டையும் அடக்கிவைக்கும் இ2 என்ற புரதம் உண்டு. ஹென்ரியட்டாவின் செல்லுக்குள் வைரஸின் டி.என்.ஏ குரோமோசோமில் செருகிக்கொண்டபோது, இ2-இன் மரபணு உடைந்துபோயிருந்தது. ஆய்வாளர்கள் வெளியிலிருந்து இ2-ஐக் கொடுத்தார்கள். இ6, இ7 உற்பத்தி நின்றது. பி53 திரும்பி வந்தது. ஆர்.பி திரும்பி வந்தது. ஐம்பது ஆண்டுகளாக நிற்காமல் பிரிந்துவந்த ஹீலா செல்கள் பிரிவதை நிறுத்தி, மூப்படைந்தன. நிற்கும் திறமை அத்தனை காலமும் உள்ளே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

ஈஸ்ட், முள்ளெலி, தவளை முட்டை ஆராய்ச்சியெல்லாம் நோயாளிக்கு என்ன தந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்.பியைச் செயலிழக்க வைக்கும் சி.டி.கே4, சி.டி.கே6 நொதிகளை முடக்கும் பால்போசிக்ளிப் என்ற மாத்திரை, 2015-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதே வகையில் இன்னும் சில மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நமக்கு இன்னும் பெரிய பலன் வேறிடத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருகிறது. உலக அளவில் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் எச்.பி.வியின் 16, 18 என்ற இரண்டே வகைகள். ஹென்ரியட்டாவைக் கொன்றது 18. இரண்டுக்கும் எதிரான தடுப்பூசி 2006-லிருந்து இருக்கிறது; 2022-இல் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் ஊசிக்கும் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வைரஸின் வெளி உறைப் புரதம் மட்டுமே இந்த ஊசியில் இருக்கிறது. வைரஸின் மரபணு எதுவும் இல்லை, எனவே ஊசியால் தொற்று வர வழியே இல்லை. ஸ்காட்லாந்தில் 2008-இல் பள்ளித் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பிறகு, 12, 13 வயதிலேயே முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பைவாயில் பரவும் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தொற்று வந்த பிறகு இந்த ஊசி அதைக் குணப்படுத்தாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போடச் சொல்கிறது. அந்த வயதில் உங்கள் வீட்டில் மகளோ பேத்தியோ இருந்தால், அடுத்த முறை காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது இந்த ஊசியைப் பற்றியும் கேளுங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாமல் அதையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.